பின்வாசலை மூடிய ரோஸ் அம்மையார்

1908-ம் ஆண்டு. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், ஜான்ஸ்டவுன் என்று ஒரு சிற்றூர். அந்த ஊரில் ஒரு தொழிற்சாலை முதலாளி காலமானார். அவர் பெயர் சார்லஸ் நாக்ஸ். அவருடைய மனைவி ரோஸ் நாக்ஸுக்கு அப்போது வயது 50. இரண்டு ஆண் பிள்ளைகள் இருந்தார்கள்.

தொழிற்சாலையை விற்றுவிடுங்கள் என்று வேண்டியவர்கள் புத்தி சொன்னார்கள். விற்க மனம் இல்லாவிட்டால் ஒரு மானேஜரை அமர்த்திக்கொண்டு வீட்டில் இருங்கள் என்றார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காலம் அப்படி. நியூயார்க் மாநிலத்துப் பெண்களுக்கு அப்போது ஓட்டுரிமைகூடக் கிடையாது. அது 1917-ல்தான் கிடைத்தது. கணவனை இழந்த ஒரு பெண் தொழிற்சாலை நடத்துவதா? வியாபாரிகள் அவரிடம் சரக்கு வாங்குவார்களா? தொழிலாளர்கள் அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவார்களா?

ரோஸ் அம்மையார் விற்கவில்லை. மானேஜரையும் தேடவில்லை. கணவர் உட்கார்ந்த நாற்காலியில் தாமே போய் உட்கார்ந்தார். 39 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். அமெரிக்காவிலேயே பேர்பெற்ற பெண் தொழில் அதிபர் ஆனார்.

அந்தத் தொழிற்சாலையில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜெலாட்டின். அதாவது ஜெல்லி செய்வதற்கு வேண்டிய பொருள்.

ஜெல்லி என்றால் என்ன?

வீட்டில் ஆட்டுக்கால் சூப்பு வைத்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். மீந்துபோன சூப்பு நன்றாக ஆறியதும் கெட்டியாகிவிடும். பாத்திரத்தை அசைத்தால் தளதளவென்று ஆடும். அடுப்பில் வைத்தால் மறுபடியும் நீராகிவிடும்.

இந்த வேலையைச் செய்வது ஜெலாட்டின்தான். மாடு, பன்றி முதலிய பிராணிகளின் தோலையும் எலும்பையும் நெடுநேரம் கொதிக்கவைத்தால், அவற்றில் உள்ள ஒருவகைப் புரதம் கரைந்து தண்ணீரில் இறங்கும். அதை வடிகட்டி, சுத்தம் செய்து, உலர்த்தினால் ஜெலாட்டின். சுத்தமான ஜெலாட்டினுக்கு நிறமும் மணமும் இல்லை என்றே சொல்லலாம். வெந்நீரில் கரைத்து, சர்க்கரையும் பழச்சாறும் சேர்த்துக் குளிரவைத்தால் ஜெல்லி.

நம் ஊரில் நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் கடல்பாசி செய்வார்கள். பார்ப்பதற்கு ஜெல்லி மாதிரியே இருக்கும். ஆனால் அது கடலில் விளையும் பாசியிலிருந்து எடுப்பது. மாமிசம் சாப்பிடாதவர்களும் உண்ணலாம். ஜெலாட்டின் பிராணிகளிடமிருந்து வருவது.

பணக்காரர் வீட்டுப் பண்டம்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் ஜெல்லி பணக்காரர் வீட்டு விருந்தில் மட்டுமே இருக்கும். காரணம் விலை மட்டும் அல்ல. வேலைதான் முக்கிய காரணம்.

கன்றின் கால்களைச் சுத்தம் செய்யவேண்டும். பல மணி நேரம் கொதிக்கவைக்கவேண்டும். ஆறிய பிறகு மேலே படியும் கொழுப்பை எடுக்கவேண்டும். முட்டையின் வெள்ளைக் கருவைக் கலந்து மறுபடியும் சூடாக்கினால் அழுக்கு எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு துணிப் பையில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக வடிக்கவேண்டும். சர்க்கரை, எலுமிச்சம்பழச் சாறு, திராட்சை மது சேர்த்து அச்சில் ஊற்றவேண்டும். கடைசியில் அதைக் குளிரவைக்கப் பனிக்கட்டி வேண்டும்.

சமையற்காரி, எடுபிடி ஆள், பனிக்கட்டி வைக்க இடம் இத்தனையும் உள்ள வீட்டில்தான் இது நடக்கும். விருந்தாளியின் முன்னால் கண்ணாடி போன்ற ஒரு ஜெல்லிக் கோபுரம் வந்து நின்றால், இந்த வீட்டில் வேலைக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

1845-ல் பீட்டர் கூப்பர் என்ற அமெரிக்கர் ஜெலாட்டினைத் தூளாகச் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். அவர் ரெயில் எஞ்சினும் செய்தவர். பசைத் தொழிற்சாலையும் நடத்தியவர். அவருக்கு ஜெல்லி வியாபாரத்தில் அக்கறை ஏற்படவில்லை. யோசனை நல்ல யோசனை. ஆனால் அதை வீட்டுப் பெண்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை. அதற்கு இன்னும் 50 ஆண்டுகள் பிடித்தன.

கையுறை ஊரில் கலியாணம்

ரோஸ் அம்மையார் 1857-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி ஒஹாயோ மாநிலத்தில் மான்ஸ்பீல்டு என்ற ஊரில் பிறந்தார். தந்தை மருந்துக் கடைக்காரர். பிற்பாடு குடும்பம் நியூயார்க் மாநிலத்தில் உள்ள குளோவர்ஸ்வில் என்ற ஊரில் குடியேறியது. குளோவர்ஸ்வில் என்றால் கையுறைக்காரர் ஊர் என்று பொருள். பெயருக்கு ஏற்றபடி அங்கே தோல் பதனிட்டுக் கையுறை தைப்பதுதான் தொழில். அங்கேதான் சார்லஸ் நாக்ஸை அவர் சந்தித்தார். சார்லஸ் ஊர் ஊராகப் போய்க் கையுறை விற்றுவந்த விற்பனையாளர். 1883-ல் இருவருக்கும் கலியாணம் நடந்தது.

சார்லஸ் தம்முடைய வியாபாரக் காரியங்களை மனைவியிடமிருந்து மறைக்கவில்லை. வரவு, செலவு, லாபம், நஷ்டம் எல்லாவற்றையும் அவரோடு கலந்து பேசினார். வீட்டுச் செலவுக்கு என்று ஒரு தொகையை அவர் கையில் கொடுத்தார். ரோஸ் கணக்கு எழுதிச் செலவு செய்தார், மிச்சமும் பிடித்தார். பின்னாளில் பெரிய தொழிற்சாலையை நடத்துவதற்கு அவருக்குக் கிடைத்த பயிற்சி இதுதான்.

1890-ல் தம்பதிகளிடம் 5,000 டாலர் சேர்ந்திருந்தது. குளோவர்ஸ்வில்லுக்குப் பக்கத்து ஊர்தான் ஜான்ஸ்டவுன். அங்கே ஒரு ஜெலாட்டின் தொழிற்சாலை விலைக்கு வந்தது. வாங்கிவிட்டார்கள். தோல் பதனிடும் ஊர்களில் ஜெலாட்டினுக்கு வேண்டிய தோல் துண்டுகளுக்குப் பஞ்சம் இல்லை. மனைவி அடுப்பங்கரையில் நின்று ஜெல்லி செய்யப் படும் பாட்டைப் பார்த்துத்தான் சார்லஸுக்கு இந்த எண்ணம் உதித்தது என்று சொல்வார்கள்.

சமையல் புத்தகம்

சரக்கு தயாராகிவிட்டது. ஆனால் ஒரு சிக்கல். ருசியும் இல்லாத, மணமும் இல்லாத ஒரு தூளை யார் வாங்குவார்கள்? வாங்கி என்ன செய்வது என்று தெரியவேண்டாமா?

இதற்கு வழி கண்டவர் ரோஸ் அம்மையார். 1896-ல் அவர் எழுதிய சிறிய சமையல் புத்தகம் வெளிவந்தது. நயமானவர்களுக்கு நயமான இனிப்புகள் என்பதுபோல் அதற்குத் தலைப்பு. எலுமிச்சம்பழ ஜெல்லி, பழங்கள் பதித்த ஜெல்லி, பாலாடை கலந்து நுரைக்க அடித்த பலகாரங்கள் என்று பலவகை இனிப்புகளுக்கும் அதில் செய்முறை இருந்தது. பின்னர் அந்தப் புத்தகம் பல பதிப்புகளாக லட்சக்கணக்கில் வீடுகளுக்குப் போயிற்று.

தலைப்பைக் கவனியுங்கள். சாதாரணக் குடும்பத்துப் பெண்ணையும் அது சீமாட்டியாகப் பார்த்தது. வேலைக்காரி இல்லாத வீட்டிலும் சீமான் வீட்டுப் பண்டத்தைச் செய்யலாம் என்று ஆசை காட்டியது. அந்த ஆசைதான் ஜெலாட்டினை விற்றது.

புத்தகத்தில் வெறும் பகட்டு மட்டும் இல்லை. அனுபவமும் இருந்தது. பச்சை அன்னாசிப் பழத்தைப் போட்டால் ஜெல்லி உறையாது. அந்தப் பழத்தில் உள்ள ஒரு சத்து ஜெலாட்டினைக் கரைத்துவிடும். பழத்தை முதலில் கொதிக்கவைத்துவிட்டால் உறையும். இந்த மாதிரி விஷயங்களைச் சொல்லிக் கொடுத்தால்தான் பெண்கள் மறுபடியும் பொட்டலம் வாங்குவார்கள்.

இந்தச் சமயத்தில் போட்டியும் முளைத்தது. 1897-ல் அதே நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் வெய்ட் என்பவர் ஜெலாட்டினில் சர்க்கரையும் பழ வாசனையும் நிறமும் கலந்து ஜெல்-ஓ என்ற பெயரில் விற்றார். அவருக்கு வியாபாரம் ஓடவில்லை. 1899-ல் 450 டாலருக்கு உரிமையை விற்றுவிட்டார். வாங்கியவர் பெரும் பணக்காரர் ஆனார்! நாக்ஸ் ஜெலாட்டினிலோ சர்க்கரை கிடையாது. இனிப்புக்கும் போடலாம், காய்கறிக்கும் போடலாம், மாமிசத்துக்கும் போடலாம். இந்த வித்தியாசம்தான் பின்னால் அம்மையாருக்குக் கைகொடுத்தது.

எல்லோருக்கும் முன்வாசல்

இனி மறுபடியும் 1908-க்கு வருவோம்.

நிர்வாகத்தை ஏற்றதும் ரோஸ் அம்மையார் செய்த முதல் காரியங்களில் ஒன்று, தொழிற்சாலையின் பின்வாசலை நிரந்தரமாக மூடியதுதான். அதுவரை பெண் தொழிலாளர்கள் பின்வாசல் வழியாகத்தான் வரவேண்டும். ஆண்களுக்கு முன்வாசல். இங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சமம். ஆகவே ஆணும் பெண்ணும் ஒரே வாசலில் வரவேண்டும் என்று அம்மையார் அறிவித்துவிட்டார்.

அந்தக் கம்பெனியில் உயர்ந்த பதவியில் ஒருவர் இருந்தார். ஒரு பெண்ணிடம் வேலை பார்க்க முடியாது என்று அவர் சொன்னார். அம்மையார் கெஞ்சவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அவரை ராஜினாமா செய்யச் சொன்னார்.

கணவர் விளம்பரப் பிரியர். கம்பெனியின் பெயர் பரவப் பந்தயக் குதிரை வைத்திருந்தார். அதற்கு ஜெலாட்டின் ராஜா என்று பெயர். ஆகாயக் கப்பல்கூடப் பறக்கவிட்டார்! அம்மையார் குதிரையையும் ஆகாயக் கப்பலையும் விட்டுவிட்டார். கணவர் நடத்திவந்த பக்கத் தொழில்களையும் விற்றுவிட்டார். ஜெலாட்டின் ஒன்றே போதும் என்று தீர்மானித்தார்.

குதிரையைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் ஆண்கள். கடையில் ஜெலாட்டின் வாங்குகிறவர்கள் பெண்கள். இந்தச் சின்ன உண்மையை அம்மையார் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். விளம்பரப் பணத்தைச் சமையல் குறிப்புகளுக்குத் திருப்பினார். பத்திரிகைகளில் தம் பெயராலேயே குறிப்புகள் வெளியிட்டார். செய்து பார்ப்பதற்கு என்றே ஒரு சமையலறையை ஏற்படுத்தினார். அங்கே சரியாக வந்த குறிப்புத்தான் அச்சுக்குப் போகும்.

முட்டைக்கோசும் ஜெல்லியும்

ஜெல்லிக்குள் முட்டைக்கோசைப் போடுவார்களா? போட்டார்கள்!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாக்ஸ் கம்பெனி சமையல் போட்டி ஒன்று நடத்தியது. பென்சில்வேனியா மாநிலத்து இல்லத்தரசி ஒருவர் மூன்றாம் பரிசு வாங்கினார். பரிசு ஒரு தையல் யந்திரம். அவர் செய்தது என்ன? முட்டைக்கோசு, செலரித் தண்டு, மிளகாய்ப்பழம் ஆகியவற்றைப் பொடிப்பொடியாக நறுக்கி, வினிகரும் எலுமிச்சம்பழச் சாறும் கலந்த ஜெலாட்டினில் உறையவைத்த ஒரு பச்சடி. அதற்குக் குறைவற்ற பச்சடி என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். மூன்றாம் பரிசு பெற்ற அந்தப் பச்சடி அமெரிக்கா முழுவதும் பரவியது.

ஏன் பரவியது? அந்தக் காலத்து அமெரிக்காவில் வீட்டு நிர்வாகத்தை ஒரு சாஸ்திரமாகவே பள்ளிகளில் கற்றுக் கொடுத்தார்கள். சுத்தம், ஒழுங்கு, சிக்கனம் இவையே மந்திரம். தட்டில் இலையும் தழையுமாகச் சிதறிக் கிடப்பதைவிட, அச்சில் வார்த்தாற்போல் நிற்கும் பச்சடி நாகரிகமாகத் தோன்றியது. முட்டைக்கோசு மலிவு. நேற்று மீந்த காயும் மாமிசமும்கூட ஜெல்லிக்குள் போனால் புதுப் பண்டமாகிவிடும். வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பது வரவரக் குறைந்துகொண்டிருந்த காலம் அது. முதல் நாளே செய்துவைத்துவிட்டால், வீட்டுக்காரி விருந்தாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.

பனிக்கட்டிப் பெட்டி வந்தது. 1920-க்குப் பிறகு மின்சாரக் குளிர்ப் பெட்டி வரத்தொடங்கியது. முன்பு ஜெல்லி வேலைக்காரர்களைக் காட்டியது. இப்போது குளிர்ப் பெட்டியைக் காட்டியது. பண்டம் ஒன்றுதான். அதன் அர்த்தம் மாறிவிட்டது.

வாரத்தில் ஐந்து நாள்

வியாபாரம் வளர்ந்தது. 1915-க்குள் மூன்று மடங்காகியது. அந்த ஆண்டில் கம்பெனியின் மூலதனம் 3 லட்சம் டாலர். 1925-ல் அது 10 லட்சம் டாலராக உயர்ந்தது. 5,000 டாலரில் தொடங்கிய தொழில்!

இதற்கிடையே அவருக்கு இன்னொரு இடி விழுந்தது. கணவர் போன சிறிது காலத்திலேயே மூத்த மகனும் இறந்துபோனார். பிள்ளைகளுக்காகக் காப்பாற்றிய தொழில். ஒரு பிள்ளையே போய்விட்டான். அம்மையார் மனம் தளரவில்லை. இளைய மகன் ஜேம்ஸைத் தம்மோடு தொழிலில் சேர்த்துக்கொண்டார்.

லாபத்தைத் தாமே வைத்துக்கொள்ளவில்லை. 1913-லேயே தம் தொழிற்சாலையில் வாரத்தில் ஐந்து நாள் வேலை என்று ஏற்படுத்தினார். மற்ற இடங்களில் ஆறு நாள் வேலை நடந்த காலம் அது. ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை கொடுத்தார். நோயில் படுத்தாலும் சம்பளம் கொடுத்தார். ஆறு நாளில் செய்வதை ஐந்து நாளில் செய்ய முடியும் என்பது அவர் நம்பிக்கை. அது பொய்க்கவில்லை.

1929-ல் அமெரிக்க மளிகைப் பொருள் உற்பத்தியாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த இடத்தை அடைந்த முதல் பெண் அவரே.

அதே 1929-ல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. லட்சக்கணக்கானோர் வேலை இழந்து தெருவில் நின்றார்கள். ரோஸ் அம்மையார் ஒரு தொழிலாளியைக்கூட வீட்டுக்கு அனுப்பவில்லை. 1937-ல் கணக்குப் பார்த்தபோது, அவருடைய தொழிலாளர்களில் 100-க்கு 85 பேர் 25 ஆண்டுகளோ அதற்கு மேலோ அங்கேயே வேலை செய்தவர்கள். முன்வாசல் வழியாக வந்தவர்கள் அதை விட்டுப் போக விரும்பவில்லை!

வெண்ணெய்த் தட்டுப்பாடு

பஞ்ச காலத்தில் ஜெலாட்டின் ஏழைக்கும் உதவியது. ஒரு பெரிய கரண்டித் தூள் இரண்டு கோப்பை நீரை உறையவைக்கும். கொஞ்சம் பழம், கொஞ்சம் காய், கொஞ்சம் மீன் இருந்தால் போதும். ஒரு குடும்பத்துக்குப் பண்டம் ஆகிவிடும்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன். நாக்ஸ் கம்பெனி உடனே ஒரு குறிப்பை வெளியிட்டது. ஒரு பவுண்டு வெண்ணெயில் சுண்டிய பாலும் ஜெலாட்டினும் சேர்த்து இரண்டு பவுண்டு ஆக்கிக்கொள்வது எப்படி என்பதே அந்தக் குறிப்பு. ரொட்டியில் தடவத் தாராளமாகப் போதும். சீமாட்டிகளின் நயமான இனிப்பிலிருந்து ரேஷன் வெண்ணெய் வரை ஒரே பொட்டலம் வந்து சேர்ந்துவிட்டது.

1947-ல், தம்முடைய 90-வது வயதில், நிர்வாகத் தலைமையை மகன் ஜேம்ஸிடம் ஒப்படைத்தார். ஆனாலும் கம்பெனியின் சேர்மனாகக் கடைசிவரை இருந்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம் கொடுத்தார். ஆதரவற்ற பெண்கள் தங்கும் விடுதிக்கும் உதவினார். 1950-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஜான்ஸ்டவுனிலேயே காலமானார். வயது 92.

மாறிய ருசி

அம்மையாருக்குப் பின் சில ஆண்டுகள் ஜெல்லிப் பச்சடி மேலும் கொடிகட்டிப் பறந்தது. டப்பாவில் அடைத்த மீன், பட்டாணி, முட்டை எல்லாம் பச்சை நிற ஜெல்லிக்குள் மிதந்தன. 1960-க்குப் பிறகு தக்காளி ருசியிலும் செலரி ருசியிலும்கூட ஜெல்-ஓ வந்தது. ஆனால் அவை நிலைக்கவில்லை. பிறகு காற்று மாறி வீசியது. பெண்கள் பெருவாரியாக வேலைக்குப் போனார்கள். அச்சில் வார்த்து மணிக்கணக்கில் காத்திருக்க யாருக்கு நேரம்? புதிதாகப் பறித்த காய்கறியை அப்படியே உண்பதுதான் நாகரிகம் என்று ஆயிற்று. எந்தப் பச்சடியைப் பார்த்துப் பாட்டி பெருமைப்பட்டாளோ, அதே பச்சடியின் படத்தைப் பார்த்துப் பேத்தி சிரித்தாள்.

1972-ல் நாக்ஸ் கம்பெனி லிப்டன் கம்பெனியின் கைக்குப் போயிற்று. நாக்ஸ் என்ற பெயர் போட்ட ஜெலாட்டின் பொட்டலம் அமெரிக்கக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. டாக்டர் கொடுக்கும் கேப்சூல் மாத்திரையின் மேல் கூடு பெரும்பாலும் ஜெலாட்டினால் ஆனதுதான். குழந்தைகள் மெல்லும் பல மிட்டாய்களிலும் அது இருக்கிறது.

பழைய ஜெல்லிக் குறிப்புகளைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் ஒவ்வொரு குறிப்புக்குப் பின்னாலும் ஓர் அடுப்பங்கரையும் ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். அவள் கையில் எவ்வளவு காசு இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, உதவிக்கு ஆள் இருந்ததா, யார் மெச்சவேண்டும் என்று ஆசைப்பட்டாள் என்பது எல்லாம் அந்தக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. ரோஸ் அம்மையாருக்கு அதைப் படிக்கத் தெரிந்திருந்தது. அவரும் வீட்டுச் செலவுக் கணக்கு எழுதிய பெண்தானே!

ருசி மாறிவிட்டது. முட்டைக்கோசு ஜெல்லியை இன்று தேடுவார் இல்லை. ஆனால் 1908-ல் மூடிய அந்தப் பின்வாசலை மறுபடியும் திறக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.